ஒட்டிய தாளின் பின்பக்கம்

போன வாரம் உங்கள் அறையில் நான் சத்தம் போட்டுவிட்டு வந்தேன். கிழவிக்குக் கணினி என்றாலே ஆகாது போலிருக்கிறது என்று உங்களில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்ததும் கேட்டது. காது எனக்கு இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது, அப்பா.

கணினி மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. 'தீட்சை' என்று நீங்கள் தட்டியதும் எங்கெங்கோ கிடந்த சமயக் கட்டுரைகளை எல்லாம் உங்கள் நிரல் இழுத்துவந்து, தலைப்பு, எழுதியவர், பொருள், சுருக்கம் என்று கட்டம் கட்டி வைத்ததே, அதைப் பார்த்து எனக்கு வாயடைத்துப் போயிற்று. அதே வேலையைக் கத்தரிக்கோலும் பசையும் வைத்துச் செய்தவள் நான். ஒரு தலைப்பை ஒழுங்கு பண்ணி முடிப்பதற்குள் ஒரு மாதம் ஓடிவிடும்.

ஆனால் அந்தச் சுருக்கக் கட்டத்தில் ஒரு வரி இருந்தது. கட்டுரையாளர் யாரை மறுப்பதற்காகப் பேனாவை எடுத்தாரோ, அந்த எதிராளியின் கருத்தைத் தூக்கி, கட்டுரையாளரின் முடிவு என்று உங்கள் நிரல் போட்டிருந்தது. "சின்னப் பிழைதானேம்மா, அடுத்த பதிப்பில் சரி பண்ணிவிடுவோம்" என்றீர்கள். அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்தச் சின்னப் பிழையை நானும் ஒருமுறை செய்திருக்கிறேன். அதனால் ஓர் அம்மாளின் வீட்டுச் சாமி கடலுக்குப் போகப் பார்த்தது. அதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். நடுவில் யாரும் கைப்பேசியை எடுக்க வேண்டாம்.

மலாயாவுக்கு மெர்டேக்கா, சுதந்திரம், கிடைத்த மறுவருஷம் அது. எனக்கு இருபத்தொரு வயது. மலாக்கா காஜா பேராங்கில் ஒரு கடைவீட்டின் மாடியில் எங்கள் சபையின் வாசகசாலை இருந்தது. கீழே ஒரு சீனர் காப்பிக்கடை. மாடி முழுக்க வறுத்த காப்பிக்கொட்டை வாசனைதான். சமயப் பத்திரிகைகள் சென்னையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் கப்பலில் கட்டுக்கட்டாக வரும். அவற்றில் வரும் கட்டுரைகளைக் கத்தரித்து, பழுப்புத் தாளில் ஒட்டி, பொருள்வாரியாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை எழுதிப் பெட்டியில் போடுவது என் வேலை. தோட்டத்துக் கோயில்காரர்களும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் கடிதம் போட்டுக் கேட்பார்கள். திருநீற்றைப் பற்றி என்ன இருக்கிறது, கொடியேற்றத்தைப் பற்றி என்ன இருக்கிறது என்று. நாங்கள் அட்டையைப் பார்த்துத் தாளை எடுத்துப் படி எழுதி அனுப்புவோம்.

எனக்கு மேலே ஒருவர் இருந்தார். கித்தா என்கிற ரப்பர்த் தோட்டத்தில் கிராணியாக, கணக்குப்பிள்ளை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அதனால் எங்களுக்கு அவர் பெரிய கிராணி. பேச்சு குறைவு, வெற்றிலை அதிகம். எனக்கு அவர் பாடம் எதுவும் நடத்தியதில்லை. சேர்ந்த அன்று ஒரே ஒரு விதியைச் சொன்னார். தாளுக்கு இரண்டு பக்கம் உண்டு, அதனால் ஒவ்வொரு பத்திரிகையிலும் இரண்டு பிரதி வாங்குகிறோம், ஒன்றை முன்பக்கத்துக்காக வெட்டு, மற்றதைப் பின்பக்கத்துக்காக வெட்டு, ஒரு பிரதிதான் வந்தது என்றால் கத்தரியைத் தொடாதே, உட்கார்ந்து கையால் எழுது. அவ்வளவுதான்.

ஒரு மாதம் கட்டைப் பிரித்தபோது ஒரு பத்திரிகையின் இரண்டாம் பிரதி கடல்தண்ணீரில் ஊறிக் கூழாகியிருந்தது. மிஞ்சியது ஒன்று. அதில் தீட்சையைப் பற்றி ஒரு கட்டுரை. யார் யார் தீட்சை பெறலாம், மந்திரமும் திருமுறையும் படிக்க மொழி தெரியாதவர் பெறலாமா என்பது பொருள். பக்கத்தின் அடியில் வாக்கியம் முற்றுப்புள்ளியோடு அழகாக முடிந்திருந்தது. திருப்பிப் பார்த்தேன், பார்க்காமல் இல்லை. பின்பக்கத்தில் மீன், பறவை, ஆமை என்று புதுத் தலைப்பு. மேலே சின்னதாக ஒரு மீன் படம். சரி, சிறுவர் பகுதி என்று முடிவு கட்டிவிட்டேன். படித்தேனா? இல்லை. ஒரு வரி படித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. கையால் எழுத அரை நாள் ஆகும். நானோ அந்த அறையில் வேகத்துக்குப் பேர் வாங்கியவள். 'சறுக்' என்று வெட்டி, மரவள்ளி மாவுப் பசையைத் தாராளமாகத் தடவி, மீனையும் ஆமையையும் குப்புறப் படுக்கவைத்து ஒட்டினேன். அட்டையில் 'தீட்சை: மொழி அறியாதார்க்கு இல்லை' என்று எழுதிப் பெட்டியில் சேர்த்தேன். திமிர்தான், வேறென்ன?

சில மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை சபையின் செயலாளர் மூச்சு வாங்க மாடியேறி வந்தார். ஜாலான் பெண்டஹாராவில் துணிக்கடை வைத்திருந்தவர். நல்ல மனிதர். ஆனால் எதையும் எழுத்தில் காட்டினால்தான் நம்புவார். குடியுரிமை மனுவுக்காக மலாய் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த நேரம் அது. கையில் எப்போதும் மலாய்ப் பாடப்புத்தகம் இருக்கும்.

"தங்கச்சி, ஒரு சூசா வந்திருக்கு" என்றார். தொல்லை என்பதற்கு நாங்கள் எல்லோரும் மலாயைப் பார்த்துச் சூசா என்றுதான் சொல்வோம். "நம்ம செட்டிங்க குடியிருக்கிற கம்போங்குல லெட்சுமின்னு ஒரு அம்மா. புருஷன் போய் நாப்பது நாளாவுது. அவரு தீட்சை வாங்கினவரு, வீட்டுல சின்னதா ஒரு லிங்கம் வெச்சுத் தினம் பூசை பண்ணிக்கிட்டு இருந்தாரு. இப்ப அந்த லிங்கத்தைத் தொட ஆளில்ல. பிள்ளைங்களும் இல்ல. இந்த அம்மா தனக்குத் தீட்சை வேணும், தானே பூசை பண்ணுறேன்னு கேக்குது."

"கொடுக்கட்டுமே அய்யா. ஆசாரியர்தான் வந்திருக்காரே."

தமிழ்நாட்டிலிருந்து ஓர் ஆசாரியர் அந்த வாரம் வந்து புக்கிட் பாருவில் ஒரு வீட்டில் தங்கியிருந்தார். ஞாயிறு விடிகாலை தீட்சை. பத்து மணிக்குக் கிளம்பித் தம்பின் ஊருக்குப் போய் ரயில் பிடித்துப் பினாங்கு, அங்கிருந்து கப்பல். மறுபடி எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது.

"அதுலதான்மா சிக்கல். அந்த அம்மாவுக்கு ஒரு எழுத்துத் தமிழ் தெரியாது. பேசுறது பூரா மலாய்தான். கமிட்டியில ரெண்டு பேரு கூடாதுங்குறாங்க. யாருக்குக் கொடுக்கலாம்னு பார்த்துப் பேர் எழுதி அனுப்புறது நாமதான். சாஸ்திரத்துல என்ன இருக்குன்னு எடுத்துக் குடு. இல்லைன்னா இல்லைன்னு சொல்லிட்டு, லிங்கத்தைக் கிளேபாங்குல முறைப்படி கடல்ல விட்டுடலாம். பூசை இல்லாம வீட்டுல வெச்சிருக்கிறது நல்லதில்லயே."

மலாக்காவில் செட்டிகள் எங்களுக்கு எல்லாம் முந்தி, பல தலைமுறைக்கு முன்பே குடிவந்தவர்கள். கோயில் திருவிழா எதையும் விட்டுவிடாதவர்கள். ஆனால் நாவில் தமிழ் போய் மலாய் வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. இது எனக்கும் தெரியும், செயலாளருக்கும் தெரியும்.

அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் பெட்டியைத் திறந்து அட்டையை எடுத்துவிட்டேன். எண்ணைப் பார்த்துத் தாளை உருவினேன். அங்கேயே உட்கார்ந்து படி எழுதிக் கொடுத்தேன். "அடேங்கப்பா, கண்ண மூடித் தொறக்கிறதுக்குள்ள!" என்று அவர் மெச்சினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய கிராணி அன்று பல்வலி என்று வரவில்லை. வந்திருந்தால் தாளைத் திருப்பிப் பார்த்திருப்பாரோ என்னவோ. அதைச் சொல்லி என் குற்றத்தைக் குறைத்துக்கொள்ளப் போவதில்லை.

வெள்ளிக்கிழமை கமிட்டி கூடியது. செயலாளர் எழுந்து நின்று நான் எழுதிய படியை வாசித்தார். எதிர்த்தவர்கள் மட்டுமல்ல, அந்த அம்மாளுக்குப் பரிந்து பேசியவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள். எழுத்தில் இருக்கிறதே! பெயரை அடித்துவிட்டார்கள். ஞாயிறு மத்தியானம் கிளேபாங் என்று முடிவாயிற்று.

சனிக்கிழமை மத்தியானம் ஒரு மணி இருக்கும். படிக்கட்டில் செருப்புச் சத்தம். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள், வெள்ளைக் கெபாயாச் சட்டையும் சாரோங் கைலியுமாக, நெற்றி நிறையத் திருநீறு. வாசலில் செருப்பை விட்டு, ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டே வந்து என் மேசைக்கு முன் நின்றார். லெட்சுமி மாக்சிக். சின்னம்மா என்று கூப்பிடுகிற மாதிரி மலாயில் மாக்சிக்.

சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் மலாயில் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எனக்குத் தீட்சை இல்லை என்று ஒரு தாள் இருக்கிறதாமே. அதை எனக்கு வாசித்துக் காட்டுவாயா? முடிவை எல்லோரும் சொல்கிறார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை."

அவரை உட்காரவைத்து, தாளை எடுத்து, ஒவ்வொரு வாக்கியமாக மலாயில் சொல்லிக்கொண்டு போனேன். மந்திரத்தைக் காதால் வாங்கி வாயால் சொல்ல வேண்டும், மொழி தெரியாதவர் எப்படிச் சொல்வார்? திருமுறை ஓத வேண்டும், எழுத்துத் தெரியாதவர் எப்படி ஓதுவார்? விதிகளைப் படித்துணர வேண்டும், அதற்கு என்ன செய்வார்? இப்படி ஒன்றன்மேல் ஒன்றாகப் போகிறது. தமிழில் வாசிக்கும்போது கம்பீரமாக இருந்தது. அந்த அம்மாளின் முகத்துக்கு நேராக உட்கார்ந்து மலாயில் சொல்லும்போது எனக்கே நாக்கு ஒட்டிக்கொண்டது. அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். ஆமாம், தெரியாதுதான், ஆமாம், முடியாதுதான் என்று. கண்ணில் நீர் நிறைந்துவிட்டது, ஆனால் வழியவிடவில்லை.

எல்லாம் முடிந்ததும் கேட்டார். "இதெல்லாம் மற்றவர்கள் கேட்கிற கேள்வி என்று முதலிலேயே சொன்னாயே. இதை எழுதின மனுஷன், அவர் என்ன சொல்கிறார்?"

கட்டுரையின் முதல் வரியைப் பார்த்தேன். இப்படிக் கேட்பவர்களும் உண்டு என்றுதான் அது ஆரம்பித்திருந்தது. அதை நான்தான் அவரிடம் என் வாயால் மலாயில் சொல்லியிருக்கிறேன். சொன்னபோதும் எனக்கு உறைக்கவில்லை.

நம் சமயக் கட்டுரை எழுதுகிறவர்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியும், அல்லது தெரிந்திருக்க வேண்டும். எதிர்த்தரப்பை அரைகுறையாக வைக்கமாட்டார்கள். எதிராளியே கைதட்டுகிற மாதிரி முழுப் பலத்தோடு முதலில் வைப்பார்கள். அப்புறம்தான் தன் பதில். நான் ஒட்டிய தாளில் எதிர்த்தரப்பு மட்டும் இருந்தது. அப்படியானால் பதில்?

மீன், பறவை, ஆமை.

மனசு முதலில் எங்கே ஓடிற்று தெரியுமா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இந்த அம்மாளை எதையாவது சொல்லி அனுப்பிவிடலாம், திங்கட்கிழமை யாருக்கும் தெரியாமல் தாளைச் சரிபண்ணி வைத்துவிடலாம் என்றுதான் ஓடிற்று. ஒரு நிமிஷம் இருக்கும். அந்த ஒரு நிமிஷத்துக்காக எனக்கு இன்றைக்கும் என் மேல் ஆத்திரம் வரும்.

உள்ளறையில் இருந்த பெரிய கிராணியிடம் போய், "அய்யா, தப்புப் பண்ணிட்டேன்" என்று எல்லாவற்றையும் கொட்டினேன். கன்னம் வீங்கியிருந்தது அவருக்கு. ஒரு வார்த்தை திட்டவில்லை.

"இந்தத் தாள வேற யாருக்காச்சும் படி எடுத்துக் குடுத்தியா?"

"இல்லைங்க. செயலாளருக்கு மட்டுந்தான்."

"அந்தப் பத்திரிகை வேற யாருகிட்டயாவது இருக்குமா?"

"கோலாலம்பூர்ல இருக்கலாம். நாளைக்குள்ள வராதுங்க."

"அப்ப உரிச்சுத்தான் பாக்கணும்."

"கிழிஞ்சிட்டா? இது ஒண்ணுதான் இருக்கு."

"கிழிஞ்சா கிழியட்டும். ஒட்டி வெச்சிருந்தா மட்டும் அது யாருக்குப் பதில் சொல்லப்போவுது? கீழ போயி கெண்டில கொதிதண்ணி வாங்கிட்டு வா, ஓடு!"

காப்பிக்கடைக்காரர் கெண்டியோடு கொடுத்தார். பழுப்புத் தாளை நான் ஆவியில் பிடிக்க, பெரிய கிராணி கத்தியின் மொட்டைப் பக்கத்தால் ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல நெம்பினார். நான் தாராளமாகத் தடவிய பசை இருக்கிறதே, அதைத் தடவிய கையை வெட்டலாம் போலிருந்தது. மாக்சிக் எழுந்து வந்து, தோளில் கிடந்த துணியால் தாளின் மறுமுனையைத் தாங்கிக்கொண்டார். தலைப்பு வந்தது. மீன் வந்தது. அதற்கும் கீழே பதில் வரிவரியாக எழுந்து வந்தது.

தீட்சையில் பல வகை உண்டு என்று ஆரம்பித்திருந்தார். மீன் தன் முட்டையைப் பார்த்தே பொரிக்கிறது, பறவை தொட்டுப் பொரிக்கிறது, ஆமை கரையில் முட்டையிட்டுவிட்டுக் கடலுக்குள் இருந்து நினைத்தே பொரிக்கிறது என்று நம் பெரியவர்கள் சொல்லிவந்த உவமை. அதுபோலக் குருவும் கண்ணால் கொடுக்கலாம், கையால் கொடுக்கலாம், நினைவால் கொடுக்கலாம். வாயால் கொடுப்பது பலவற்றில் ஒன்று. மற்றவற்றுக்கு மொழி எதற்கு என்று கேட்டிருந்தார். நான் தப்பும் தவறுமாக மலாயில் சொன்னேன். மீன், ஈக்கான். பறவை, பூரோங். ஆமை, பெஞ்யூ.

மாக்சிக் சட்டென்று சிரித்துவிட்டார். கண்ணில் நிறுத்தி வைத்திருந்த நீர் அப்போதுதான் கொட்டிற்று. "ஆமைக்கு மட்டும் தமிழ் தெரியுமா என்ன?" என்றார். பெரிய கிராணி வீங்கின கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

சிரிப்பு நிற்பதற்குள் கடைசி மூலை கிழிந்துவிட்டது. இரண்டு வரி பழுப்புத் தாளோடு கூழாகப் போய்விட்டன.

படி எழுத உட்கார்ந்தேன். அந்த இடம் வந்ததும் நிறுத்தினேன். முன்னும் பின்னும் இருப்பதைப் பார்த்தால் என்ன இருந்திருக்கும் என்று ஊகிக்க முடிந்தது. அழகாக இரண்டு வரி போட்டுவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? அதுவும் ஒரு நல்ல காரியத்துக்கு. பேனாவைத் தாளில் வைக்கப் போனேன்.

"எழுதாத" என்றார் பெரிய கிராணி.

"அர்த்தம் தெரியுதுங்களே."

"அன்னைக்கும் உனக்கு அர்த்தம் தெரிஞ்சுதானே சிறுவர் பகுதின்னு ஒட்டின? ரெண்டு வரி கிழிஞ்சு போச்சுன்னு எழுது. கிழிச்சது நாமன்னும் எழுது."

எழுதினேன்.

மூவரும் இரண்டு சைக்கிள் ரிக்‌ஷா பிடித்து ஜாலான் பெண்டஹாராவுக்குப் போனோம். சனிக்கிழமை, கடை நிறையக் கூட்டம். சேலை பார்த்துக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவே நின்று நான் சொல்ல வேண்டியதாயிற்று. "அய்யா, நான் குடுத்த படி பாதிதான். எதிராளி சொன்னதைக் கட்டுரைக்காரர் சொன்னதா நினைச்சுக் குடுத்துட்டேன். தப்பு என்னோடது." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

செயலாளர் முழக்கோலைக் கீழே போட்டார். "என்னம்மா இப்படிப் பண்ணிட்ட! கமிட்டியில நான் எழுந்து நின்னு வாசிச்சேனே! இப்ப நான் எந்த முகத்த வெச்சிக்கிட்டு மாத்திச் சொல்லுவேன்?"

புதுப் படியை வாங்கி இரண்டு தடவை படித்தார். நினைத்தபடியே அந்த இடத்தில் விரல் நின்றது. "இதென்ன ரெண்டு வரி இல்லங்கிற? ஆனா இன்னாருக்கு மட்டும் கூடாதுன்னு அதுல இருந்திருந்தா?"

"இருந்திருக்கலாம்ங்க" என்றார் பெரிய கிராணி. "எங்களுக்குத் தெரியாது."

நான் அவரை முறைத்தேன். இப்படியா ஒருவர் கைக்கு வந்ததைத் தட்டிவிடுவார்? ஆனால் செயலாளரின் முகம் மாறிற்று. தெரியாது என்று ஒருவர் நேராகச் சொன்னதால்தான் மற்றதை எல்லாம் அவர் நம்பினார் என்பது எனக்குப் பிற்பாடு புரிந்தது. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு மாக்சிக் பக்கம் திரும்பி, வகுப்பில் படித்த மலாயைத் தேடித் தேடி, "மாரி... கீத்தா... பெர்கி..." என்றார். வாங்க, நாம போகலாம் என்று. அந்தத் தட்டுத்தடுமாறின மலாயைக் கேட்டு மாக்சிக் மெதுவாக, சரியான உச்சரிப்பில் அதையே திருப்பிச் சொல்லிக்கொடுத்தார். செயலாளர் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி மறுபடி சொன்னார். கடையைப் பங்காளியிடம் விட்டுவிட்டு எங்களை எல்லாம் தன் காரில் ஏற்றிக்கொண்டார்.

புக்கிட் பாருவில் ஆசாரியர் கூடத்தில் பாயில் உட்கார்ந்திருந்தார். மெலிந்த மனிதர். செயலாளர் இரண்டு படியையும் முன்னால் வைத்து நடந்ததைச் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். கிழிந்த வரியைப் பற்றியும் மறைக்காமல் சொன்னார்.

ஆசாரியர் தாளை எடுக்கவே இல்லை. "அந்த ரெண்டு வரியில என்ன இருந்துச்சுன்னு எனக்கும் தெரியாது" என்றார். "கேட்ட அம்மாவை எனக்குக் காட்டாம, தாளை ஏன் காட்டிக்கிட்டு இருக்கீங்க?"

மாக்சிக் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். உள்ளே அழைத்து வந்தோம். ஆசாரியர் அவரை ஏறிட்டுப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. நான் மொழிபெயர்க்கத் தயாராக வாயைத் திறந்து வைத்திருந்தேன், அதற்கு வேலையே வரவில்லை.

"காலையில ஸ்நானம் பண்ணிட்டு ஆறு மணிக்கு வரச் சொல்லுங்க. இவங்கதான் முதல்."

அப்பாடா! செயலாளர் கைக்குட்டையை எடுத்து முகத்தை மட்டும் அல்ல, கழுத்து முதுகு என்று துடைத்துக்கொண்டார். பெரிய கிராணி வாசல் படியில் உட்கார்ந்து மூன்று நாளாகத் தொடாத வெற்றிலையைப் போட்டார். நானும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். போன உயிர் திரும்பி வந்தது என்பது வெறும் பேச்சு இல்லை. கை விரல் வரைக்கும் சூடு திரும்பி வருவது தெரிந்தது.

நீங்கள் குறிப்பு எடுத்துக்கொள்ள வேண்டும் என்றால் இங்கே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கட்டங்களோடு இன்னொரு கட்டம் சேருங்கள்: இது யாருடைய பேச்சு? பதில் கிடைக்காத இடத்தைக் காலியாகக் காட்டுங்கள், நிரப்பாதீர்கள். உங்கள் நிரல் சுருக்கத்தைக் கொடுத்ததும் அது யாரோ ஒருவர் வீட்டுக்குள் போகிறது என்பதை மட்டும் மறக்காதீர்கள். தப்பு வரும். எனக்கும் அதற்குப் பிறகு எத்தனையோ வந்தது. கண்டுபிடித்த அன்றைக்கே, யாரைப் பாதித்ததோ அவர் காது கேட்கச் சொல்லிவிட்டால் பாதிப் பாரம் இறங்கிவிடும்.

அதில்தான் நான் ஒரு கடன் வைத்திருந்தேன். தப்பைச் செயலாளரிடம் சொன்னேன், ஆசாரியருக்கு முன்னால் சொல்லக் கேட்டுக்கொண்டு நின்றேன். எல்லாம் தமிழில். மாக்சிக்கிடம், அவருக்குப் புரிகிற பேச்சில், நான் சொல்லவே இல்லை. தாளில் கோளாறு என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

ஞாயிறு பத்து மணிக்கு ஆசாரியரின் கார் தம்பின் பக்கம் கிளம்பியது. நனைந்த கூந்தலோடு மாக்சிக் வந்து என் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்கு நடத்திக்கொண்டு போனார். பூசை அலமாரிக்கு முன் பலகை போட்டு உட்கார்ந்தார். வெள்ளைத் துணி மூடிய மரப்பெட்டி. நாற்பது நாளுக்கு மேலாகத் திறக்காதது. துணியை விலக்கி, என் கட்டைவிரல் உயரமே இருந்த லிங்கத்தை இரண்டு கையாலும் எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தார். அவர் தொட்டது அதுதான் முதல் தடவை. செம்பிலிருந்து தண்ணீரை ஊற்றிக்கொண்டே குழந்தையிடம் பேசுகிற குரலில் மலாயில் சொன்னார்.

"மாஃப் யா. லாமா துங்கு. மாண்டி டூலு."

மன்னிச்சுக்கோ. ரொம்ப நாள் காத்திருந்துட்ட. முதல்ல குளி.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான், கேட்கிறவர் அவர். "மாக்சிக்," என்றேன் மலாயில், "அந்தத் தாளில் கோளாறு இல்லை. பின்பக்கத்தைப் படிக்காமல் ஒட்டினது நான். உங்களுக்கு இல்லை என்று அட்டையில் எழுதினதும் நான்தான்."

அவர் திரும்பவில்லை. தண்ணீர் ஊற்றுகிற கையும் நிற்கவில்லை.

"தெரியும்" என்றார். "துணிக்கடையில் அழுதது நீ ஒருத்திதானே. போ, பின்னால் போய்க் கைகால் கழுவிக்கொண்டு வா. பூவை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க எனக்கு ஓர் ஆள் வேண்டும்."

கிணற்றடிக்கு ஓடினேன்.